பன்னிரண்டு ஆற்றுப்பாலைக் குச்சிகள்

வீரபாண்டியில் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பள்ளம். கை கழுவும் தண்ணீரெல்லாம் அங்கேதான் தேங்கும். நிழலுக்கு வேப்பங்கன்று வைத்தார்கள், அழுகியது. தென்னங்கன்று வைத்தார்கள், அதுவும் அழுகியது. அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையில்தான், பனியனில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் பெண்கள் முப்பது பேரும் வெந்துகொண்டே மதியச் சோறு தின்றார்கள். பள்ளத்துக்குக் கான்கிரீட் போட்டு வண்டி நிறுத்தலாம் என்று முதலாளி முடிவு கட்டினார்.

செக்கிங் சூப்பர்வைசர் ஷாஹிதாவுக்குச் சுருக்கென்றது. நிழல் கேட்டால் கான்கிரீட்டா?

"ஏனுங்ண்ணா, எங்க தாராபுரத்துல ஆத்தோரமா ஆத்துப்பாலைன்னு ஒண்ணு இருக்குதுங்க. தண்ணி நின்னாத்தான் அதுக்குச் சந்தோசம். குச்சிய ஒடிச்சு நட்டாப் போதுமுங்க, வெட்ட வெட்டப் பொதராத் தழைக்கும்."

"ஒரு மாசம் டைம் தர்றேனுங்க, ஷாஹிதாம்மா. ஒரு இலையாச்சும் என் கண்ணுல காட்டோணும். இல்லீன்னா கான்கிரீட்டுதான்."

ஒரே ஒரு இலை! அது என்ன பெரிய காரியம்? ஞாயிற்றுக்கிழமையே அமராவதிக் கரையில் பன்னிரண்டு குச்சிகளை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு முனையும் ஒரே பருமன். அடி எது, நுனி எது என்று மாறிவிடக் கூடாதே என்று மறுநாள் காலை கட்டிங் மாஸ்டர் குணாவிடம் எது அடி என்று காட்டி, அடையாளத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாள். மதியம் ஸ்டிக்கர் மேலே தெரிய வரிசையாக நட்டாள். ஈரம் காயாமலிருக்கப் பனியன் வேஸ்ட் துணியை நனைத்து ஒவ்வொன்றின் அடியிலும் சுற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு கொட்டகையில் வேறு பேச்சே இல்லை. காலையில் வருகைக்குப் பஞ்ச் வைத்ததும் ஓடிப்போய் நுனியைப் பார்ப்பார்கள், டீ டைமில் பார்ப்பார்கள், சோற்றுக் கையோடும் பார்ப்பார்கள். பத்து நாள், இருபது நாள். நுனியில் ஒரு பொட்டுப் பச்சை கிடையாது.

கெடு முடிந்த அன்று மதியச் சோற்று நேரத்தில் கான்கிரீட் லாரி கேட்டுக்கே வந்துவிட்டது. அதுவரை அந்தப் பக்கமே வராத குணா ஓடிவந்தான். வந்தவன் குச்சிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"அக்கா! என்னக்கா, ஸ்டிக்கர் மேல நிக்குது? நாங்க பீஸுக்கு அடியில, ஹெம் மடிக்கிற பக்கந்தான ஸ்டிக்கர் ஒட்டுவோம்! அது அடிப்பக்கமுங்க்கா!"

"யா அல்லா! செக்கிங்ல ஸ்டிக்கர் மேல தெரிஞ்சாத்தானடா எடுப்போம்!"

பன்னிரண்டும் தலைகீழ்! ஒன்றையாவது நிமிர்த்தி நடலாமென்று ஷாஹிதா சேற்றில் மண்டிபோட்டு, ஒரு குச்சியின் அடித்துணியை விலக்கினாள். அப்படியே கை நின்றுவிட்டது. மண்ணை ஒட்டி ஒரு மொட்டு கீழ்நோக்கி வெடித்து, வளைந்து, மேலே திரும்பியிருந்தது. அதன் முனையில் வெளிறிய பச்சையில் இரண்டு இலைகள்.

"அண்ணா! எலைங்ண்ணா! எலை!"

அடுத்த துணியை இழுத்தாள். அதிலும்! ஊசி ஓட்டையைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண்கள் ஒரு மாதமாக நுனியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. அந்தக் குச்சிகளோ தலைகீழாக நின்றபடியே தம் வேலையைப் பார்த்திருக்கின்றன. முப்பது பேரும் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள்.

லாரிக்கு இடம் காட்ட வந்த மகுடேஸ்வரன் வெள்ளை வேட்டியோடு சேற்றில் குந்தினார். இலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தலைகீழா நட்டிருக்கறீங்க, ஷாஹிதாம்மா."

"ஆமாங்ண்ணா."

"நான் இலைதான கேட்டேன்? எந்தப் பக்கமிருந்து வரோணும்னு சொல்லலீங்களே." எழுந்து கேட்டைப் பார்த்துக் கத்தினார். "ஏப்பா, லாரியத் திருப்பச் சொல்லு!"

லாரி பின்வாங்கிய சத்தத்தைக் கைதட்டல் அமுக்கிவிட்டது. ஷாஹிதா மட்டும் தட்டவில்லை. இரண்டு கையும் சேறு. வழிகிற கண்ணைத் துடைக்க வழியில்லாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.