பஸ்ராவுக்குப் போகாத கேப்டன்

வக்கீல் கேப்டன் பரசுராமன் முதல் உலகப் போரில், 1917 நவம்பர் பன்னிரண்டாம் தேதி, இராக்கில் இருக்கிற பஸ்ராவில் தொடையில் குண்டு வாங்கினார். அதே தேதியில் செங்கல்பட்டு கோர்ட்டில் வயிற்றுப்போக்கு என்று சொல்லி வாய்தாவும் வாங்கினார். மகான்களுக்கு இப்படி இரண்டு இடத்தில் காட்சி கொடுக்கும் வழக்கம் உண்டு என்று கேள்வி. வக்கீல்களுக்கும் உண்டென்று காவேரிக்கு அன்றுதான் தெரிந்தது. கம்பெனி பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டுவதற்குள் கைப்பேசியில் பழைய தீர்ப்புத் தொகுப்பைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டாள்.

காவேரிக்கு இரண்டு வேலை. ஒன்று, ஒரகடத்தில் பைக்குக்கு பிரேக் லிவர் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். அதில் சம்பளம் உண்டு, மரியாதை கிடையாது. மற்றொன்று, இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றுக்குச் சகமதிப்பாய்வாளர். அதில் மரியாதை உண்டு, சம்பளம் கிடையாது. தன் கட்டுரைக்குத் தலைமேல் 'சிறப்புக் கட்டுரை' நட்சத்திரம் வேண்டும் என்று யார் கேட்டாலும், வரிக்கு வரி சான்று எங்கே என்று பிடித்துக்கொள்வாள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இவள் கேள்விகளைப் பார்த்துவிட்டு, இனி எழுதவே மாட்டேன் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அதில் இவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பரசுராமன் கட்டுரையை எழுதியவர் பெயர் 'மண்ணூர்ச் சிங்கம்'. சிங்கம் கொடுத்திருந்த சான்றுகள் மூன்று: ஒரு கும்பாபிஷேக மலர், ஒரு கல்யாணப் பத்திரிகை, முச்சந்தியில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரின் புகைப்படம். பேனரில் பரசுராமனுக்குப் பக்கத்தில் ஒரு புலியும் இருந்தது. புலிக்குச் சான்று கேட்க வேண்டாம் என்று காவேரி பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

தேடத் தேட கேப்டன் கரைந்துகொண்டே போனார். சென்னையில் வக்கீல்கள் சேர்ந்த தொண்டர் படை ஒன்றில் ஆறு மாதம் அணிவகுப்புப் பழகியிருக்கிறார், அவ்வளவுதான். பதவி, சிப்பாய். குண்டடி பட்டதாகச் சொல்லும் தேதியில் பஸ்ராவில் சண்டை ஓய்ந்தே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்பவர்கள் கொஞ்சம் தேதியையாவது சரிபார்த்துவிட்டுச் சொல்லக் கூடாதா? காவேரி பதினெட்டுக் கேள்வி எழுதி, சொந்தப் பெயரில் கையெழுத்தும் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

சொந்தப் பெயர்தான் வினையாகப் போயிற்று. பயனர் பக்கத்தில் வேலை பார்க்கும் கம்பெனியையும் போட்டிருந்தாள். புதன்கிழமை காலை பிளான்ட் மேனேஜர் மணிகண்டபிரபு கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரும்மா" என்றார். மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"மண்ணூர்ச் சிங்கம் யாருன்னு தெரியுமா? நான்தான். எங்க கொள்ளுத்தாத்தா மேல பதினேழு கேள்வி கேட்டிருக்க."

"பதினெட்டு சார்."

"வெள்ளிக்கிழமை புது பயிற்சிக் கூடம் திறக்கறோம். அவரு பேருதான் வெக்கறோம். கல்லுல க்யூஆர் கோடு அடிச்சாச்சு. ஸ்கேன் பண்ணா கட்டுரை வரணும், மேல நட்சத்திரம் மின்னணும். கஸ்டமர் கம்பெனிலேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்க."

"சார், அவரு பஸ்ராவுக்கே போவல."

"எங்க வூட்ல அத்தினி பேரும் சொல்றாங்களே! எங்க சித்தப்பா கல்யாணப் பத்திரிகைலகூடப் போட்டிருக்கு."

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பட்டதாரி என்றுகூடத்தான் போடுவார்கள். மேனேஜர் இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தார். அவளுடைய நிரந்தரப் பணி ஆணை. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது வந்தால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மஞ்சள் கயிறு போய் நீலக் கயிறு வரும். வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் 'அடுத்த வருஷம் இருக்கோமா' என்று சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அந்தக் காகிதத்தை அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்தாள்.

"சின்ன தப்புதானேம்மா? லைன்ல இன்னா பண்ணுவ? டீவியேஷன் போட்டு உட மாட்ட? அந்த மாதிரி உட்டுடு" என்று சிரித்தார்.

டீவியேஷன் என்பது அளவு தப்பிய பாகத்தை, 'பரவாயில்லை, போகட்டும்' என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்கும் தாள். கங்கையில் முழுகினால் பாவம் போகிற மாதிரி, அந்தத் தாளில் முழுகினால் எந்தக் கோணலும் நிமிர்ந்துவிடும்.

சாயங்காலம் பஸ்ஸில், பக்கத்து சீட்டு ஷாரோனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஷாரோன் பேக்கிங் பிரிவு. இவளோடு சேர்ந்தவள், இவளுக்கு முன்னாலேயே நிரந்தரமானவள்.

"இன்னாடி யோசிச்சிக்கினு கீற? செத்துப்போன ஆளு. சுட்டாரு, சுடல, யாருக்கு இன்னா வந்துச்சு? போய் நீலக் கயித்த வாங்கினு வா" என்றாள் ஷாரோன்.

காவேரிக்கு இரவெல்லாம் எரிச்சல். காலையில் எரிச்சல் குறும்பாக மாறியது. நிஜமான டீவியேஷன் தாள் ஒன்றை எடுத்துப் பூர்த்தி செய்தாள். பாகத்தின் பெயர்: பரசுராமன். குறை: பஸ்ராவுக்குப் போகவில்லை. எண்ணிக்கை: ஒன்று. முடிவு: உள்ளபடியே பயன்படுத்தலாம். அன்றைய தாள்களின் நடுவே அதைச் செருகி மேனேஜர் அறைக்கு அனுப்பினாள்.

அவர் மேடைக்குப் பூ கட்டுகிறவரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே எல்லாவற்றிலும் சரசரவென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். தன் கொள்ளுத்தாத்தா போருக்கே போகவில்லை என்பதற்குத் தானே ஒப்புதல் கொடுத்த முதல் கொள்ளுப்பேரன் அவராகத்தான் இருக்கும். காவேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதைப் படம் பிடித்துக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஏற்றினால் போதும், ஊரே சிரிக்கும்.

படம் பிடிக்கத்தான் ஃபைலைப் புரட்டினாள். அவளுடைய தாள் கட்டின் நடுவில் இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயுமாக முப்பது தாள்கள், எல்லாவற்றிலும் அதே சரசர கையெழுத்து. பரசுராமனை எவ்வளவு படித்தாரோ, அவற்றையும் அவ்வளவுதான் படித்திருக்கிறார். மூன்றாவது தாள்: பிரேக் லிவர், துளை அளவு அதிகம், எண்ணிக்கை ஆயிரத்து இருநூறு. சரிபார்த்தவர் என்ற இடத்தில், காவேரி.

அந்தத் துளையை அவள் அளக்கவே இல்லை. 'லாரி நிக்குது, போடும்மா' என்று சூப்பர்வைசர் சொன்னார், போட்டாள். மூன்று வருஷமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியரைச் சான்று கேட்டு விரட்டியவளின் கையெழுத்து! சிரிப்பு அப்படியே நின்றுபோய், முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாத வெட்கம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

கீழே இறங்கிப் போய் இருபது லிவர்களை அளந்தாள். ஏழு, டீவியேஷன் கொடுத்த சலுகை அளவையும் தாண்டியிருந்தன. ஆயிரத்து இருநூறுக்கும் சிவப்பு அட்டை கட்டி, லாரியை நிறுத்தினாள். அதற்கப்புறம்தான் கைப்பேசியை எடுத்து, பரசுராமன் கட்டுரையில் 'சிறப்புத் தகுதி இல்லை' என்று எழுதினாள்.

மணிகண்டபிரபு இந்தத் தடவை அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. லாரி நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கு லெட்டர் வேணாமா?"

"வேணும் சார். மூணு வருஷமா வேணும்."

"அப்ப கட்டுரைய பாஸ் பண்ணு. லாரிய உடு."

"கட்டுரைய வேற யார வெச்சாவது பாஸ் பண்ணிக்கோங்க சார். அவரு பஸ்ராவுல சண்ட போட்டாருன்னு எழுதினா யாரு கையும் உடையாது. இந்த லிவர் ரோட்டுல உடைஞ்சா உடையும். அளக்காம கையெழுத்து போட்டது நான்தான். லாரி போவாது சார்."

மேனேஜர் அவளையும் சிவப்பு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேடைக்குப் பூ வந்துவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டே போய்விட்டார். லெட்டர் இனி வராது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கூடம் திறந்தார்கள். நட்சத்திரம் இல்லாத கட்டுரையை ஒருவரும் ஸ்கேன் செய்து பார்க்கவில்லை. பேச்சாளர் ஒருவர் கேப்டனுக்கு இன்னொரு குண்டையும் சேர்த்துக் கொடுத்தார், எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டல் கேட்கும் தூரத்தில், நிறுத்திவைத்த சரக்கின் நடுவே, காவேரி மீதி லிவர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துளையை அளந்துகொண்டிருந்தாள். மாதக் கடைசி வரைக்கும்தான் ஒப்பந்தம் என்று அன்று காலை சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆயிரத்து இருநூறையும் அளந்து முடிக்க அதற்குள் நேரம் இருந்தது.