எபினேசரின் ஓவர்டைம்

"செத்துப்போனவனுக்கு ஷிப்டு முடிச்சு ஊட்டுக்கு அனுப்பி வெச்சவன் இந்த ஒலகத்துலயே ஒருத்தந்தான் கீறான். அது இந்த குப்புராஜ்!"

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடை மொத்தமும் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? இரும்பாலையில் கிரேன் ஓட்டிய காலத்தில், தடம் புரண்ட ரயில் இன்ஜினைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, ஆரம்பாக்கத்து நெல் வயலில் ஈரம் உலர வைத்து, மறுபடி தண்டவாளத்தில் நிறுத்தியதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

அன்புசெல்வன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ரிட்டயரான எலக்ட்ரீஷியன். சாமியே வந்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார்.

குப்புராஜுக்கு அப்படி ஒரு ஆள் போதும். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. மத்தியான வேளையில் அங்கே நாலு பேர் கேரம் ஆடுவார்கள். குப்புராஜுக்கு எதிர் நாற்காலியில் அவர் ஜோடி எபினேசர், அதே ஆலையின் உலையடியில் வெந்த மனிதர். இடது சுண்டுவிரலில் பாதியை உலை தின்றுவிட்டது. இன்னொரு ஜோடி அன்புசெல்வனும், மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பார்த்த திலகவதியும். ஆட்டம் கொஞ்சம், வம்பு அதிகம். வாயும் வயிறும் நன்றாயிருந்ததே அந்த வம்பினால்தான்.

ஒருநாள் பாதி ஆட்டத்தில், "தோ வந்துர்றேன், என் சீட்ல எவனும் ஒக்காராதீங்கடா" என்று எழுந்த எபினேசர், வாசல் தாண்டவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் சரிந்தவர்தான்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் பெண்டாட்டி சாராள் கதவைச் சாத்திக்கொண்டாள். சபைக்காரர்கள் தட்டினார்கள், திறக்கவில்லை. திலகவதி வாசலில் வைத்த சோறு காக்கைக்குப் போயிற்று. ஜன்னல் வழியே பார்த்தால், புருஷனின் காக்கிச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள்.

"இப்டியே உட்டா இந்தம்மாவும் அவர் பின்னாடியே பூடும்ணே" என்றார் திலகவதி. குப்புராஜுக்குத் தூக்கம் போனது. பெட்டிக்குத் தோள் கொடுத்தபோது, இவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நண்பனிடம் மனசுக்குள் சொல்லியிருந்தார்.

கொட்டகையில் மூன்று பேரும் ஆடினார்கள். புதிதாக யார் வந்தாலும் குப்புராஜ் விரட்டினார். நாலாவது நாற்காலி எபினேசருக்கு மரியாதையாகக் காலியாகவே இருக்கட்டும்.

அப்புறம்தான் அது தொடங்கியது.

காலி நாற்காலிக்கு முன்னால், போர்டில் தூவிய பவுடர் பிறை வடிவில் துடைக்கப்பட்டிருந்தது. அடிப்பதற்கு முன் கையோரத்தால் அப்படித் துடைப்பது எபினேசர் வழக்கம்.

"காத்து" என்றார் அன்புசெல்வன். பவுடர் டப்பாவின் மூடிகூட அசையாத புழுக்கம் அது.

மறுநாள் கொட்டகைக்குள் காய்ந்த இரும்பு வாசனை. காலி நாற்காலியில் தெரியாமல் கை வைத்த திலகவதி வீறிட்டார். தோசைக்கல் சூடு. மற்ற மூன்று நாற்காலிகளும் சில்லென்று இருந்தன.

"தகரக் கூரைம்மா. சுடாம பின்ன இன்னா பண்ணும்?" என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தார் அன்புசெல்வன். டெஸ்டர் எரியவில்லை. உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

அப்போது ஆலையில் ஷிப்டு மாறும் சைரன் ஊதியது. காலி நாற்காலி கிறீச்சிட்டது, கனத்த ஆள் ஒருவர் எழுந்திருப்பதுபோல. யாரையோ எதிர்பார்த்து வாசலைப் பார்க்கிற மாதிரி ஒரு நிசப்தம். பிறகு மறுபடி கிறீச். உட்கார்ந்தாயிற்று.

குப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட பாவி மனுசனுங்களா! ரிலீவர் வராம எடத்த உட்டு நவுரக் கூடாது, நம்ம ரூலு அதான? சைரன் கேட்டு எந்திரிக்கிறான். மாத்த ஆளில்ல, திரும்ப ஒக்காந்துக்கறான். மரியாதன்னு சீட்ட காலியா வெச்சி, செத்தவனுக்கு ஓ.டி. போட்டுட்டமேடா!"

"பைத்தியம் முத்திப்போச்சு" என்ற அன்புசெல்வனையும் இழுத்துக்கொண்டு சாராள் வாசலுக்குப் போனார்.

"சாராளு, ஒன்னியும் இல்லமா. எபினேசருக்கு இன்னும் ஷிப்டு முடில. ரிலீவர் வர்ல."

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

"ஓ.டி.ன்னா ஊட்டுக்குச் சொல்லி அனுப்பறதில்லையாண்ணே? அந்தாளு பசி தாங்க மாட்டாரே!"

அடுப்பு பற்றவைக்கும் ஓசை கேட்டது. சோறும் கருவாட்டுக் குழம்பும் அடைத்த டிபன் பாக்ஸை அன்புசெல்வன் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள்.

கொட்டகையில் பாக்ஸைத் தரையில் வைத்தார்கள். இரவு ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் சைரன் ஊதியது. எந்த ஆலையிலிருந்து என்று இன்றுவரை தெரியாது. நாற்காலி கிறீச்சிட்டது.

சாராள் அதன் பின்னால் போய் நின்றாள். "நான் பாத்துக்கறேன். நீ எந்திரிச்சிப் போ."

போர்டின் ஓரத்துப் பவுடரில் மெல்ல ஒரு கை பதிந்தது, முட்டிவலிக்காரர் ஊன்றி எழுவதுபோல. நாலு விரல் முழுசு. சுண்டுவிரல் பாதி.

சாராள் உட்கார்ந்தாள். "சூடு எறங்குதுண்ணே" என்று ஒருதரம் அழுதாள். பிறகு ஸ்ட்ரைக்கரை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அடி அடித்தாள்.

"ரெட்டு நேரா குழிக்குள்ள போச்சு. திரும்பி வந்து எல்லாருக்கும் வணக்கம் வெச்சிது. அப்பால மறுபடி போச்சு!" என்று டீக்கடையில் முடித்தார் குப்புராஜ். "இப்ப தெனம் வந்து அன்பு ஜோடிய தோக்கடிக்குது அந்தம்மா."

மறுபடி சிரிப்பு. "அன்பண்ணே, இந்த ரீலு எத்தினி கிலோமீட்டரு?" என்றார் டீ மாஸ்டர்.

அன்புசெல்வன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெட்டு வணக்கம் வெச்சதெல்லாம் பொய்யி."

"அப்போ மிச்சம்?"

"நடந்துச்சு." அவர் யாரையும் பார்க்கவில்லை. "டிபன் பாக்ஸ நான்தான் தூக்கிக்கினு போனேன். கனமா இருந்துச்சு. எவனும் மூடியத் தொறக்கல, என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. திரும்ப எடுத்துக்கினு வர்றப்ப, கழுவிக் கவுத்த மாதிரி காலிய்யா."