ஒருமுறை மட்டுமே வெட்டும் பொத்தான்

எங்கள் வானொலி நிலையத்தில் யார் பேசினாலும் இருபது விநாடி கழித்துத்தான் ஊருக்குக் கேட்கும். அதற்குள் ஆபாசமாக ஏதாவது வந்தால் மேசையிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கி வெட்டிவிட வேண்டும். காலை ஆறு முதல் இரவு பத்து வரை பிள்ளைகள் கேட்கிற நேரம். தப்பினால் வாஷிங்டனிலிருந்து அபராதக் கடிதம் வரும். உரிமம் புதுப்பிக்கிற வருஷம் வேறு. முதலாளி கார்லண்டுக்கு இருமல் சத்தம் கேட்டாலே பயம்.

எனக்குப் பயமில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த நிலையத்தில் விதிப் புத்தகத்தைப் படித்ததும் நான் ஒருத்திதான்.

அன்று ஊருக்கு மார்பகப் புற்றுநோய் பரிசோதனை வண்டி வந்திருந்தது. மேற்கு வர்ஜீனியாவிலுள்ள எங்கள் மலையிடுக்குக்கு வருஷத்தில் ஒரே நாள், மதியம் வரை மட்டும். நாற்பது பேருக்கு இடம். பெயர் கொடுத்திருந்தவர்கள் மூன்று பேர். போன வருஷம் கார்லண்ட் எழுதிக்கொடுத்த அறிவிப்பை நான்தான் வாசித்தேன்: "பெண்களுக்கான நலப் பரிசோதனை." ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள் என்று நினைத்து என் சித்தி லோரீன் போகவில்லை. பிப்ரவரியில் புதைத்தோம்.

அதனால் இந்த முறை வண்டியிலிருந்த நர்ஸ் வில்டாவையே போனில் நேரலைக்கு இழுத்தேன். காலை எட்டேகால்.

"என்னத்தைப் பார்த்தா ஓடி வரணும்? சுத்தி வளைக்காம சொல்லுங்கக்கா."

"கட்டி மட்டும் இல்லம்மா. முலைக்காம்பு உள்ள இழுத்துக்கிட்டா..."

நடைவழி ஒலிபெருக்கியில் தாமதம் கிடையாது. கார்லண்ட் கையில் காப்பியோடு உள்ளே பாய்ந்தார். நான் என் மைக்கை மூடினேன்.

"வெட்டு, ராண்டா."

"எதுக்கு?"

"பள்ளிக்கூட பஸ்ல ஓடுது நம்ம ரேடியோ. என்ன வார்த்தை அது?"

"வைத்தியம் சொல்றாங்க. அது ஆபாசத்துல சேராது. விதியைப் படிச்சிருக்கீங்களா?"

"நீ படிச்சுக் கிழிச்சது போதும், காலேஜ்காரி."

என் தோளுக்கு மேலே கையை நீட்டி அமுக்கிவிட்டார். வில்டாவின் சொற்கள் போயின. ஊரில் யாருக்கும் கேட்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே சிரிப்பும் வந்தது. எங்கள் பழைய இயந்திரம் ஒருமுறைதான் வெட்டும். வெட்டியதும் அந்த இருபது விநாடி காலி. திரும்பச் சேர இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை பேசுவதெல்லாம் நேராக ஊருக்குப் போகும். இந்த மேசையில் உட்காருபவருக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. இருபத்திரண்டு வருஷ முதலாளி ஒருநாளும் இங்கே உட்கார்ந்ததில்லை.

மைக்கைத் திறந்தேன்.

"வில்டாக்கா, நீங்க சொன்னது ஊருக்கு விழலை. மறுபடி சொல்லுங்க. வேகமா, எல்லாத்தையும்."

சொன்னாள். முலைக்காம்பு உள்ளிழுப்பது, ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுவது. தீவனக் கடைக்கு எதிரே வண்டி நிற்பது. கார்லண்ட் பொத்தானை அமுக்கினார், மறுபடி அமுக்கினார், குத்தினார். பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"ஏன் வெட்ட மாட்டேங்குது?"

"அதுதான் வெட்டிட்டீங்களே."

"உனக்கு வேலை போச்சு."

"சரி. பாட்டு முடியட்டும்."

அழைப்பு வந்தால் எரியும் ஆறு போன் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன.

"பாரு, புகார்," என்று ஒன்றை எடுத்தார். கேட்கக் கேட்கக் காது சிவந்தது. "இல்ல மேடம்... ஆமா, தீவனக் கடைக்கு எதிர்ல. பேர் கொடுக்கலேன்னாலும் பரவாயில்ல... எது உள்ள இழுத்தான்னு கேக்கறீங்களா? அது வந்து..."

என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"முலைக்காம்பு, மேடம்," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆமா. உள்ள இழுத்திருந்தா இப்பவே கிளம்புங்க."

வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், அடுத்த விளக்கை அமுக்கினார்.