அக்கா பெண்ணுக்கு ஏழாம் பாகம்

பல்செட் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட வேண்டும். முகம் தெரியாதவர்கள் சிரிப்பதற்காக நாளெல்லாம் வாய் திறக்காமல் செய்யும் வேலை. வீட்டிலும் பேச ஆளில்லை. அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெளியூரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். "சாப்டியாக்கா?" என்பான். "சாப்டேன்" என்பாள். அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும்.

ஒருநாள் பல்செட் கொடுக்கப் போன கிளினிக்கில் காத்திருந்தபோது, அட்டை கிழிந்த சிறுவர் புத்தகம் ஒன்று நாற்காலியில் கிடந்தது. மூன்று பிள்ளைகள் நிழலே விழாத நாட்டைத் தேடி, தீவு போலப் பெரிய கிழ ஆமை ஒன்றின் முதுகில் ஏறிக் கடலில் போகிறார்கள். ஆமைக்கு ஞாபகமறதி. வழியைத் தப்புத் தப்பாகச் சொல்லும். நாற்பது பக்கம் போனதே தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போங்கக்கா, யாரோ விட்டுட்டுப் போனது" என்றாள் வரவேற்பறைப் பெண்.

மொத்தம் ஏழு பாகங்கள் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. இரண்டாவதைத் தேடிப் பொது நூலகத்துக்குப் போனாள். நூலகர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "வீட்ல யாருக்கும்மா?" என்றார்.

நாற்பத்தெட்டு வயதில் 'எனக்குத்தான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அக்கா பொண்ணுக்கு."

அவளுக்கு அக்காவே கிடையாது.

அடுத்த வாரம் அவர் விடவில்லை. "பாப்பா என்ன சொன்னா?"

"ஆமை சுத்திச் சுத்தி அதே கரைக்கு வந்துச்சே, அதைப் படிச்சிட்டு ஒரே சிரிப்பு சார்."

"எத்தனாவது படிக்கிறா?"

"ஏழாவது."

பொய் அதன் போக்கில் வளர்ந்தது. ஐந்தாம் பாகத்தில் ஆமை செத்துப்போனது. பேருந்தில் படித்துக்கொண்டிருந்தவள், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். புத்தகத்தைத் தாமதமாகத்தான் திருப்பிக் கொடுத்தாள். "பாப்பாவுக்குக் காய்ச்சல் சார். ஆமை செத்ததுல ரெண்டு நாள் சரியாவே சாப்பிடல" என்றாள். சாப்பிடாதது மட்டும் நிஜம்.

ஆறாம் பாகத்தைக் கொடுக்கும்போது நூலகர் உற்சாகமாக இருந்தார். "வர்ற சனிக்கிழமை மத்தியானம் இந்தக் கதை படிக்கிற பிள்ளைங்களை எல்லாம் வரச் சொல்லியிருக்கேன். ஏழாவதும் வந்தாச்சு. நம்ம பாப்பாவுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். கூட்டிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள், அந்தச் சனிக்கிழமை போகவில்லை. அடுத்த நான்கு வாரமும் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. கதை பாதியில் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பாப்பா என்ன சொன்னாள் என்று அவர் கேட்பாரே, அதற்காகப் பல் நடும்போதே பதிலை யோசித்து வைப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. இப்போது யோசிக்க ஒன்றுமில்லாமல் கை மட்டும் வேலை செய்தது.

பிறகு ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனாள்.

"என்னம்மா, பாப்பாவுக்கு மறுபடி முடியலையா?"

"பாப்பான்னு யாரும் இல்ல சார். எனக்கு அக்காவே கிடையாது. எல்லாம் நான் படிச்சதுதான்."

அவர் முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் வைத்து எடுத்தார். எதிலும் குத்தவில்லை.

"காய்ச்சல்னு சொன்னீங்க. எங்க வீட்ல தினமும் கேட்டாங்க, அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்குன்னு."

"தப்புதான் சார்."

"பெரியவங்க படிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா?"

"இல்ல."

இழுப்பறையிலிருந்து ஏழாம் பாகத்தை எடுத்து, முத்திரை குத்தி, மேசைமேல் நகர்த்தினார். அதற்குமேல் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் படித்து முடித்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தம்பி போன் செய்தான்.

"ஒரு கதை படிச்சேன்டா, கடைசியில..."

"சரிக்கா, பசங்க கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்."

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் கூட்டம். அவள் முறை வந்ததும் புத்தகத்தை வைத்துவிட்டு நகரப் பார்த்தாள். நூலகர் தலை நிமிராமலே கேட்டார். "மூணு பேரும் போய்ச் சேர்ந்தாங்களா? நான் படிக்கலை."

"சேர்ந்தாங்க சார். ஆனா ரெண்டு பேர்தான் திரும்பி வந்தாங்க. சின்னவ அங்கயே தங்கிட்டா."

"ஏன்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்றவர் செருமினார். நூலகர் வரிசையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கொஞ்சம் உட்காருங்க. இவங்களை அனுப்பிட்டு வரேன்."

பக்கத்தில் பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலிதான் இருந்தது. முழங்கால் மார்பில் முட்ட அதில் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.