சொல்ல முடியாத இடம்

பேராச்சிக்கு அப்போது இருபத்தாறு வயது. 1964-ஆம் வருஷம். தாராவியில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் கணவன் கோமதிநாயகம், மாமியார் முப்பிடாதியம்மாள், இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள். நாலு மாதமாக அவளுக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

முதலில் சூடு என்று நினைத்து மோர் குடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. திடீரென்று வயிறு முறுக்கும், ஓடுவாள். அறுபது குடும்பத்துக்கு நாலு கக்கூஸ். உள்ளே போய் உட்காருவதற்குள் வெளியே கதவைத் தட்டுவார்கள். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் போகவேண்டும் போலவே இருக்கும். மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பாள்.

ஒரு நாள் சேலையில் பட்ட கறையை மாமியார் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, போன வாரந்தான தலைக்கு ஊத்துன? மறுபடியும் தூரமா?"

எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அதிலேயே மாட்டிக்கொண்டாள். கறை தெரியும்போதெல்லாம் மூன்று நாள் வாசலோரம். அடுப்பைத் தொடக்கூடாது, பிள்ளைகளைத் தொடக்கூடாது. மாதத்தில் பாதி அப்படியே கழிந்தது. மருமகளுக்குக் கர்ப்பப்பை கெட்டுப்போனது என்று முப்பிடாதியம்மாள் குழாயடியில் பேச ஆரம்பித்தாள். ஊரில் தன் தம்பி மகள் ஒருத்தி கல்யாணமாகாமல் இருப்பதையும் மகன் காதில் போட்டுவைத்தாள்.

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம். மூச்சு விட்டால்கூட மாமியாருக்குக் கேட்கிற அறையில் அதை எப்படிச் சொல்வது?

செம்பூரில் ஒரு கல்யாணத்துக்குக் கணவனும் மனைவியும் மட்டும் போனார்கள். பஸ் நெரிசலில் சுற்றிலும் மராத்தியும் இந்தியும்தான். சயான் தாண்டியதும் பேராச்சி சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தூரமெல்லாம் இல்ல. வெளிக்குப் போற எடத்துல ரத்தம் வருது. நாலு மாசமாச்சு. ஒடம்பு கரைஞ்சு, பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்கு."

கோமதிநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தான். "மூலமா இருக்கும்ளா."

"அத டாக்டர் சொல்லட்டும்."

தெருமுனை டாக்டரும் அதையேதான் சொன்னார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்த வயசில் வேறென்ன வரப்போகிறது என்று களிம்பு கொடுத்தார். மூன்று வாரம் தடவியும் ரத்தம் நிற்கவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா குழாயடியில நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி நானே சொல்லிருவேன்" என்றாள் பேராச்சி.

அவன் பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே ஒரு லேடி டாக்டர் உறை போட்ட விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பேராச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் கேன்சர் என்றார்கள். டாக்டர் இந்தியில் சொல்ல, கோமதிநாயகம் திக்கித் திக்கித் தமிழில் சொன்னான். இன்னும் பரவவில்லை. இப்போதே வெட்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க மலம் வயிற்றில் போடும் துளை வழியாகத்தான்.

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். அவன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். "அம்மாட்ட என்ன சொல்ல?"

"நான் செத்துப்போனா என்ன சொல்லுவீய?"

கையெழுத்துப் போட்டான்.

பேராச்சி பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் பஞ்சும் துணியும் வைத்துக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். முப்பிடாதியம்மாள் தம்பி மகள் பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் அறையின் மூலையில் ஒரு திரையைக் கட்டி, அதற்குள் மருமகளுக்கு ஒரு தனித் தட்டை வைத்தாள். பிள்ளைகள் திரையை விலக்கிக்கொண்டு வந்து மடியில் படுத்தால் அதட்டி அழைத்துக்கொள்வாள். பேராச்சி கிடந்த இடம் முன்பைவிடச் சின்னதாகிவிட்டது.

மறு வருஷம், பின்வரிசையில் குடியிருந்த ஆறுமுகத்தாய் உப்புக் கேட்கிற சாக்கில் வந்து திரையோரம் குனிந்தாள்.

"மைனி, எனக்கும் ரத்தம் வருது. அவுகட்ட சொல்ல வெக்கமா இருக்கு."

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா."

"நாளைக்கே போவோம். நான் கூட வாரேன்."

அதே லேடி டாக்டர் பார்த்தாள். வெறும் மூலம்தான். ஆறுமுகத்தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கேவிக்கேவி அழுதாள்.

"ஒண்ணுமில்லாததுக்கு ஒங்கள அலைக்கழிச்சிட்டனே மைனி."

"ஒண்ணுமில்லன்னு இப்பத்தானட்டி தெரிஞ்சிது" என்றாள் பேராச்சி.