கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவுக்கு அந்தப் பக்கம்

1

இருபத்தாறு மணி நேரம் பாக்கி இருந்தது. செவ்வாய் பிற்பகல் மூன்று மணியிலிருந்து புதன் மாலை ஐந்து மணி வரை. கதை முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் இருபத்தைந்து மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தேர்தல் அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. தபால் ஓட்டு உறைகளின் மேல் இருக்கும் கையெழுத்தை, திரையில் தெரியும் பழைய கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் வலது தட்டு. பொருந்தாவிட்டால் இடது தட்டு. வேதியியல் படித்தவளுக்கு ஏற்ற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை.

இடது தட்டில் நான் போட்ட உறைகளில் ஒன்று இமோஜீன் ஃப்ரெட்ரிக்சனுடையது. வயது எழுபத்து நான்கு. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நடுங்கிய ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்த உறைக்கு நான் செலவிட்டது நான்கு விநாடி.

அந்த நான்கு விநாடிக்கு நான் எழுதும்

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. 'மன்னிப்புக் கடிதம்தான் இது' என்று எழுதிப் பார்த்தேன். எனக்குப் பெரிய சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்தது.]

2

முதல் தொடக்கம்: 'மாநிலத்தின் எட்டுத் தொகுதிகளில் ஏழின் முடிவு தெரிந்துவிட்டது.'

செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. ஆனால் உண்மை. எங்கள் அலுவலகச் சுவரில் மாநிலத்தின் படம் ஒன்று தொங்கியது. நகரத்துத் தொகுதிகள் நான்கும் முதல் இரவிலேயே நிறம் பெற்றுவிட்டன. சுரங்கங்கள் இருக்கும் ஆறாவதும், ஆட்களைவிட மாடுகள் அதிகமான எட்டாவதும் விடிவதற்குள் முடிந்தன. ஏழாவது மறுநாள் மதியம். சர்க்கரைப் பீட் விளையும் மூன்றாவது மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. அங்கே வித்தியாசம் பத்தொன்பது ஓட்டு.

[மாநிலத்தின் பெயரை அடித்துவிட்டேன். கையெழுத்து விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே இருப்பவை இந்தக் கதையின் விதிகள்.]

இரண்டாம் தொடக்கம்: 'பனி பெய்துகொண்டிருந்தது.'

பெய்யவில்லை. காற்றுதான் அடித்தது.

மூன்றாம் தொடக்கம்: 'ரோண்டா பீக் தன் வண்டியைக் களத்துமேட்டில் நிறுத்திவிட்டு, கையில் இருந்த பட்டியலை இன்னொரு முறை பார்த்தாள்.'

இது இருக்கட்டும்.

3

ரோண்டா முதல் பிரதியில் ரோண்டா இல்லை. தலைநகரத்திலிருந்து வந்த, பளபளக்கும் காலணி போட்ட ஓர் இளைஞனாக இருந்தாள். அவன் பேசிய எதையும் என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டு, நிஜத்தில் போனவளையே போட்டேன். ஐம்பத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்த வாரம் முழுவதும் விடுப்பு எடுத்துக்கொண்டு தன் கட்சிக்காக வீடு வீடாகப் போனாள்.

போன காரணம் எளியது. கையெழுத்து பொருந்தாதவர்களுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போகும், உறையில் இருந்த கையெழுத்தின் நகலோடு. 'இது என் கையெழுத்துதான்' என்று படிவத்தில் உறுதி சொல்லிக் கையெழுத்திட்டால் உறையைத் திறந்து ஓட்டை எண்ணுவார்கள். தேர்தல் முடிந்து எட்டாம் நாள் மாலை ஐந்து மணி கெடு. அதற்குள் தன் கட்சிப் பதிவில் இருப்பவர்களின் படிவங்களைச் சேகரிக்க ஒவ்வொரு கட்சியும் ஆள் அனுப்பும்.

ரோண்டாவின் வேட்பாளர் பத்தொன்பது ஓட்டு பின்தங்கியிருந்தார். அவள் பட்டியலில் இன்னும் முப்பத்தொரு பெயர் மிச்சம். இமோஜீன் பன்னிரண்டாவது.

[ரோண்டா வலிமையானவளா, வெறும் பிடிவாதக்காரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. பிறகு எங்கள் அலுவலக வாசலில் பார்த்தபோது இரண்டுமாகத் தெரிந்தாள்.]

4

தட்டியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தொறந்துதான் இருக்கு. பாத்திரத்த அங்கயே வெச்சிட்டுப் போ. ஃப்ரிட்ஜ்ல இனிமே எடமில்ல."

"நான் பாத்திரம் எதும் கொண்டு வரல மிஸஸ் ஃப்ரெட்ரிக்சன். ரோண்டா பீக். ஏழாம் நம்பர் பஸ்ஸு."

"ரோண்டாவா! என் பேத்தி உன் பஸ்லதான வாந்தி எடுத்தா?"

"ரெண்டு தடவ."

"உள்ள வா."

சமையலறை மேடையில் அலுமினியத் தாள் மூடிய உணவுப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ரோண்டா எண்ணினாள்: ஏழு. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுநாடாவில் ஒரு வீட்டுப் பெயர், திருப்பித் தருவதற்காக. அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் ஏழு பாத்திரம் வர ஒரு காரணம்தான் உண்டு.

"எப்ப?" என்றாள் ரோண்டா.

"வெள்ளிக்கிழம. லோவெல்லுக்கு நெஞ்சுல. நேத்துதான் அடக்கம் பண்ணோம்."

லோவெல் இமோஜீனின் கணவர். ரோண்டா பட்டியலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நான் கெளம்பறேன்."

"எங்க கெளம்பற? நாளைக்கு அஞ்சு மணின்னு கடிதாசில கொட்டையா போட்டிருக்கு. உக்காரு. இந்த ஹாமையும் உருளைக்கெழங்கையும் யாராவது தின்னு தொலைக்கணும்."

[இந்த இடத்தில் இமோஜீனை அழவைத்திருந்தேன். அவள் அழ மறுத்தாள். தட்டு எடுக்கப் போய்விட்டாள்.]

5

மேசையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா நின்றது. பெரிய அளவு. ரோண்டா உப்பை எடுக்க அதை நகர்த்தப் போனாள்.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் இமோஜீன்.

"காலியா இருக்கே?"

"அது ஓட்டுப் போடற டப்பா. நாப்பத்தாறு வருஷமா இதே வழக்கம். அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல இது. எட்டிப் பாக்கக் கூடாது."

"பாத்தாதான் என்ன? அவரு யாருக்குப் போடுவாருன்னு ஊருக்கே தெரியுமே. வேலியில கட்சிப் பலகை நட்டிருந்தாரே."

"என் பலகைக்குப் பக்கத்துலயே நட்டாரு. என்னுதவிட ரெண்டு வெரக்கட ஒசரமா. அளந்து பாத்து நட்டாரு ரோண்டா. நான் ஜன்னல் வழியா பாத்துட்டுதான் இருந்தேன்."

ரோண்டா வாயில் உருளைக்கிழங்கோடு சிரித்தாள்.

அவர் ஒரு கட்சி, இவள் ஒரு கட்சி. ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவர் ஓட்டை மற்றவர் ஓட்டு கழித்துவிடும். கூட்டினால் எப்போதும் பூஜ்யம். அப்படியென்றால் எதற்குப் போட வேண்டும் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது: போட்டால் இருவரும் போடுவது, இல்லையென்றால் இருவருமே போடாதிருப்பது. ஒரு வருடம் லோவெல் நிமோனியாவில் படுத்திருந்தபோது இமோஜீன் தன் ஓட்டுச்சீட்டால் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்த வருடம் அவரும் அப்படியே.

"உறைய மட்டும் அவங்கவங்கதான் கொண்டுபோய்ப் போடணும். என்னுத அவரு தொட மாட்டாரு, அவருத நான் தொட மாட்டேன். இந்தத் தடவயும் மெதுவா நடந்து தபால் பெட்டி வரைக்கும் போனாரு. நான் ரெண்டு நாள் கழிச்சு லைப்ரரி வாசல்ல இருக்கற ஓட்டுப் பெட்டியில போட்டேன்."

"அவ்வளவு சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல. மரியாத."

6

ரோண்டா தட்டை ஓரமாகத் தள்ளினாள். படிவத்தை எடுத்து வைத்தாள். பேனாவையும்.

"பத்தொம்பது ஓட்டு இமோஜீன். எட்டுத் தொகுதில ஏழு முடிஞ்சுது. நம்மளுதுக்காகத்தான் மொத்த மாநிலமும் வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கு."

"தெரியும். ரேடியோல சொன்னான்."

"லோவெல்லால இனிமே முடியாது, அதனால நீங்களும் கூடாதுன்னு நெனைக்கறீங்க. எனக்குப் புரியுது. ஆனா அவரு உங்க ஓட்டு வீணாப் போகட்டும்னு நெனைச்சிருப்பாரா?"

"கண்டிப்பா நெனைச்சிருப்பாரு" என்றாள் இமோஜீன். இந்த முறை இருவரும் சிரித்தார்கள். பிறகு இமோஜீன் மட்டும் நிறுத்தினாள்.

இமோஜீன் பழக்கிண்ணத்துக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். நான்காக மடித்த மடிப்புகள் நைந்திருந்தன. வந்து நான்கு நாள்தான். கையெழுத்தின் நகல் இருந்த பகுதியைப் பிரித்து, அந்த நடுங்கிய கோட்டின் மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினாள்.

"கை நடுங்கியிருக்கு. அவ்வளவுதான்" என்றாள் ரோண்டா. "அவருக்கு ஒடம்பு முடியாத நேரம். நீங்க தூங்கியே இருக்க மாட்டீங்க. யாருக்கா இருந்தாலும் நடுங்கும்."

[ரோண்டா இங்கே ஒரு தவறு செய்கிறாள். அவளுக்கு முன்பே நான் அதைச் செய்துவிட்டேன். அதே வாரம் அதே விலாசத்திலிருந்து வந்த இன்னோர் உறையையும் இடது தட்டில் போட்டது நான்தான். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்திருக்கலாம்.]

"இதக் குடுத்தா கடிதாசியும் போயிடுமா?" என்று இமோஜீன் கேட்டாள்.

"இல்ல. படிவம் மட்டும்தான். கடிதாசி உங்களுக்கு."

"நல்லது."

அவள் பேனாவை எடுத்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தின் வரியைச் சத்தமாகப் படித்தாள்: "'உறையின் மேல் உள்ள கையெழுத்து என்னுடையதே என உறுதி கூறுகிறேன்.'" பேனா முனை காகிதத்தைத் தொட்டது. ஒரு சிறிய நீலப் புள்ளி விழுந்தது.

அங்கேயே நின்றது.

7

இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: அவள் கையெழுத்திடுகிறாள். ரோண்டா நாற்பது மைல் ஓட்டி வந்து கொடுக்கிறாள். உறை திறக்கப்படுகிறது. மூன்றாம் தொகுதியின் கணக்கில் ஒன்று கூடுகிறது.

இரண்டாவது: அவள் பேனாவை மூடி வைக்கிறாள். ரோண்டா ஒரு டப்பா நிறைய ஹாமும் உருளைக்கிழங்குமாக வெறுங்கையோடு போகிறாள். [டப்பா கையில் இருந்தால் வெறுங்கை இல்லை. ஆனால் இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருக்கட்டும்.]

மூன்றாவதில் நான் வருகிறேன். புதன்கிழமை நாலு நாற்பதுக்கு ரோண்டா எங்கள் அலுவலக வாசலில், வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் வேலை முடிந்து வெளியே வந்தேன். அவள் கண்ணாடியை இறக்கினாள். நானாகப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. அன்று போனேன். இமோஜீன் அந்த மேசையில் சொன்னதை அவள் என்னிடம் சொன்னாள். அது மட்டும்தான் நான் காதால் கேட்டது. டப்பா, பலகை, பாத்திரம் எல்லாம் அதைச் சுற்றி நான் கட்டியவை.

ரோண்டாவின் பக்கத்து இருக்கையில் படிவங்கள் இருந்தன. எத்தனை என்பதும், இமோஜீனுடையது அதில் இருந்ததா என்பதும், மூன்றாம் தொகுதி கடைசியில் எந்த நிறம் ஆனது என்பதும் எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. மாநிலத்தின் பெயரை அடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னதைக் கேட்காமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. கேளுங்கள். பிறகு அந்த இருபத்தைந்து மணி நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

8

காற்று ஜன்னலைத் தட்டியது. நீலப் புள்ளி மெல்ல அகன்றது.

"அவசரமே இல்ல" என்றாள் ரோண்டா. அவசரம்தான்.

இமோஜீன் கடிதத்தை மேசையின் நடுவே வைத்து, ரோண்டா பக்கமாகத் திருப்பினாள். அதற்காக, அத்தனை நேரத்தில் முதல் முறையாக, டப்பாவை நகர்த்தினாள்.

"நல்லா பாரு. இது என் கை இல்ல ரோண்டா. கண்ணாடி போடாம ஆளுக்கொரு உறைய மாத்தி எடுத்துட்டோம். ரெண்டு பேருக்கும் கடிதாசி வந்த அன்னிக்குதான் கண்டுபிடிச்சேன். அவருகிட்ட சொல்லிச் சிரிக்கணும்னு, மத்தியானம் அவரு தூங்கி எழுந்திருக்கட்டும்னு உக்காந்திருந்தேன். எழுந்திரிக்கல."

ரோண்டா கடிதத்தின் மேல் குனிந்தாள்.

"என்னோட ஓட்டு அவரு பேரு போட்ட உறைக்குள்ள இருக்கு. அத இனிமே யாராலயும் தொறக்க முடியாது. நீ நாப்பது மைல் வந்து என்கிட்ட கையெழுத்து கேக்கறியே, இந்த உறை..." அவள் அந்த நடுங்கிய கோட்டை மறுபடியும் தொட்டாள். "இதுக்குள்ள இருக்கறது லோவெல்லோட ஓட்டு."