சொந்தக்காரர் இல்லாத ஊர்

உலகத்தில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊரைக் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. ஏஞ்சலா படாத பாடு பட்டுத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மொன்றியலுக்குப் போனால் கணவனின் அத்தை பேபி அன்ரியின் மகள் வீடு. லண்டனில் ஐந்து வீடு. ஒன்றில் தங்கினால் மற்ற நாலு வீட்டுக்கும் முகம் கோணும். பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சித்தப்பா விமான நிலைய வாசலில் ஜக்கெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவளும் பிரவீனனும் ஒரு ஹொட்டேல் அறையில் தங்கியதில்லை. தேன்நிலவுக்குச் சூரிச் போனார்கள். அங்கே மாமியின் தங்கை வீட்டு ஹோலில், இழுத்தால் கட்டிலாகிற சோபாவில் படுத்தார்கள். காலையில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க வருமுன் எழும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அறைக் காசு மிச்சம் என்று மாமா, பிரவீனனின் அப்பா, இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

ஆகவே அவள் வரைபடத்தில் மேலே மேலே போனாள். பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுடைய வேலை. நோயாளிகள் வராத நேரமெல்லாம் கனடாவின் வடக்கு நுனியைத் தேடித் தேடி வாசித்தாள். வைட்ஹோர்ஸ் வரை விமானம். பிரவீனன் கிரெடிற் கார்ட்டில் சேர்த்து வைத்திருந்த பொயின்ற்ஸில் அது ஏறக்குறைய இலவசம். அங்கே ஒரு ட்ரக்கை வாடகைக்கு எடுத்து, கல்லுப் பாதையில் வடக்கே ஏறி, பனிக்காலத்தில் கல்லாக இறுகிவிடும் ஆறுகளின் மேலாலேயே ஓட்டி, ஆர்க்டிக் கடலின் கரைக்குப் போகலாம். மார்ச்சில் அறை வாடகை மலிவு. வழியில் கடைகள் இல்லாதபடியால் செலவழிக்கவும் வழியில்லை. ஒரு சின்ன ரைஸ் குக்கரும் கொஞ்சம் பருப்பும் போதும். வாடகை ட்ரக்கை அந்தப் பாதையில் விடமாட்டோம் என்று கொம்பனிக்காரர் ஒவ்வொருவராகக் கைவிரிக்க, அவள் விடாமல் போன் அடித்து அடித்து, விடுவேன் என்ற ஒரே ஒரு மனிதரைப் பிடித்திருந்தாள். அவர் தமிழரல்ல என்பதையும் உறுதிசெய்துகொண்டாள்.

வடதுருவ ஒளி பார்க்க வேண்டும் என்று வேலையிடத்தில் சொன்னாள். அது சும்மா. அவளுக்கு வேண்டியதெல்லாம் பிரவீனனோடு ஒரு வாகனத்துக்குள் தனியே இருப்பதுதான். அவன் எழும்பிப் போக முடியாத ஓரிடம் வேண்டும். அடுத்த பெற்றோல் நிலையம் நாலைந்து மணித்தியாலத் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

போன வருடம், கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில், பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஏஞ்சலா வைத்திருந்தாள். பிரவீனன் அறைக்கு வெளியே நின்றான், உள்ளே வரவேயில்லை. அதற்குப் பிறகு வீட்டில் சனம் ஓயவில்லை. சோறு வந்தது, சூப் வந்தது, செபமாலைக்கு ஆள் வந்தது. அடுத்தது தங்கும், பிள்ளை என்று ஆளாளுக்கு முதுகைத் தடவினார்கள். பிரவீனன் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். ஒரு வருடமாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்க அவளுக்கு வாய் உன்னும்போதெல்லாம் மாமா இருமுவார், மாமி கூப்பிடுவார், அல்லது கதவு மணி அடிக்கும். மாமா மாமியோடு சேர்ந்து இருக்கும் அந்த வீட்டின் சுவர்கள் கடதாசி மாதிரி. இப்படியே இன்னொரு வருடம் போனால் தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடக்கூடும் என்று ஏஞ்சலாவுக்கே பயமாக இருந்தது.

பிரவீனன் பயணத்துக்கு ஓம் என்றான். அதுவும் உடனே சொன்னான். அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது, மாமா நீக்கிலாப்பிள்ளை போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“எடேய் பிரவீனன், வைட்ஹோர்ஸிலை எங்கடை ஸ்ரீஸ்கந்தராசா இருக்கிறான்ரா!”

ஏஞ்சலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. “ஆர் மாமா?”

“ஸ்ரீ! ஜேர்மனியிலை என்னோடை ஒரே றூமிலை கிடந்தவன். அங்கை இப்ப மோட்டல் வச்சிருக்கிறானாம். தம்பி குறூப்பிலை போட்டதைப் பார்த்திட்டு ஆரோ அவனுக்குச் சொல்லியிருக்கினம்.”

தம்பி என்றது பிரவீனனைத்தான். நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில், வடக்கே போகிறோம், அங்கே தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தான். ஏஞ்சலா திரும்பிப் பார்த்தாள். அவன் பருப்பைச் சோற்றோடு மிகவும் கவனமாகக் குழைத்துக்கொண்டிருந்தான்.

“தங்கிற காசு மிச்சம்தானே,” என்றான் சோற்றுக் கோப்பையைப் பார்த்து.

அந்தப் பின்னேரமே பக்கத்து அஜின்கோர்ட்டிலிருந்து பேபி அன்ரி வந்து இறங்கினார். மாமாவின் தங்கை. அவர் வந்தால் எந்தக் காரியமும் கமிற்றியாகிவிடும். ட்ரக் வேண்டாம், எட்டுப்பேர் இருக்கிற வான் எடுப்போம் என்றார். எட்டுப்பேரா என்று கேட்கக்கூட ஏஞ்சலாவுக்கு இடம் கிடைக்கவில்லை; கூல் பொக்ஸுக்குள் கணவாய்க் கறி எவ்வளவு வைக்கலாம் என்ற இடத்துக்குக் கதை போய்விட்டது.

“தவக்காலத்திலை உல்லாசப் பயணம் போறது சரியே?” என்று மாமி மக்டலீன் ஒரு குண்டைப் போட்டார். ஏஞ்சலாவுக்குச் சின்ன நம்பிக்கை பிறந்தது. மாமா அதையும் கெடுத்தார்.

“வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டு போனால் அது யாத்திரை,” என்று தீர்ப்புச் சொன்னார்.

“மாமா, வான் அந்தப் பாதைக்கு ஏலாது. விடமாட்டினம். இரவிலை வாகனத்தைக் கரண்டிலை கொளுவி வைக்கோணும், இல்லாட்டி எஞ்சின் உறைஞ்சு போகும். புயல் வந்தால் றோட்டையே மூடிப்போடுவாங்கள்,” என்றாள் ஏஞ்சலா. பயமுறுத்தினால் கழன்றுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

மாமா உடனே ஸ்பீக்கரில் ஸ்ரீஸ்கந்தராசாவைக் கூப்பிட்டார்.

“பிள்ளை சொல்லுறது சரிதான்,” என்றது அந்தக் குரல். “ஆனால் நீங்கள் ஏன் அங்காலை போறியள்? அங்கை ஐஸைத் தவிர ஒரு கோதாரியும் இல்லை. என்ரை மோட்டலிலை நில்லுங்கோ. கீழை பெரிய ஹோல் கிடக்கு, எல்லாரும் ஒண்டாப் படுக்கலாம். ஆடு ஒண்டு சொல்லிவைக்கிறன்.”

“தவக்காலமடா ஸ்ரீ,” என்றார் மாமா.

“அப்ப மீன்!”

இப்படியாக, ஆர்க்டிக் கடலுக்குப் போகவிருந்த பயணம், கிளம்ப முன்னமே, வைட்ஹோர்ஸில் ஒரு மோட்டலின் பேஸ்மென்ற் ஹோலில் வந்து முடிந்தது. ஏஞ்சலா மூன்று மாதம் முக்கித் தேடிய பாதையை அவர்கள் ஒரு தேத்தண்ணி நேரத்தில் சுருட்டி வைத்துவிட்டார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் வந்தது. குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அடுத்தநாள் காலையில் இருவரும் டிரைவ்வேயில் காரின் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்று பேசக்கூடிய நேரம் அது ஒன்றுதான்.

“பிரவீன், எனக்கு நாங்கள் ரெண்டுபேரும் தனியப் போகவேணும். உமக்கு விளங்கினதுதானே?”

“விளங்கினது. ஆனால் அம்மா கேட்டிட்டா. எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?”

“வாயாலைதான் சொல்லுறது.”

“அவ பாவம் ஏஞ்சலா. ஒரு இடமும் போறேல்லை.” அவன் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினான். பனி போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஏஞ்சலா மாமிமேல் கறுவிக்கொண்டாள். ஊரெல்லாம் வாயில்லாப் பூச்சி என்று பேரெடுத்துவிட்டு, மகனும் மருமகளும் போகிற இடத்துக்கு ஒட்டிக்கொண்டு வருகிறாரே என்று அந்த வாரம் முழுவதும் மனதுக்குள் திட்டினாள். பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிலுவைப்பாதை. முடிந்ததும் பெண்கள் சிலர் கோயில் மண்டபத்தில் கதிரைகளை அடுக்கினார்கள். பிரவீனன் வெளியே காரைச் சூடாக்கிக்கொண்டு இருந்தான். மாமி ஒரு கதிரையில் உட்கார்ந்து முழங்காலை நீவினார்.

“அங்கை இதைவிடக் குளிராமே பிள்ளை?”

“ஓம் மாமி. மைனஸ் நாற்பதுக்குக் கீழையும் போகும்.” கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள்.

“யேசுவே. எனக்கு உந்தக் குளிருக்கை போய் விறைக்க விசரே? இவன் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டபடியால்தான் வாறன்.”

ஏஞ்சலா கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தாள். “ஆர் கேட்டது?”

“பிரவீனன்தான். அம்மா நீங்களும் அப்பாவும் வாங்கோ, தனியப் போனால் அவ்வளவு தூரம் நாங்கள் ரெண்டுபேரும் என்னத்தைக் கதைக்கிறது எண்டான். பேபிக்குச் சொன்னதும் அவன்தான். நீங்கள் ரெண்டுபேரும் சேர்ந்துதான் கூப்பிடுறியள் எண்டு நினைச்சன்.” மாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நீவுவதை நிறுத்தினார். “என்ன பிள்ளை?”

ஏஞ்சலா கைப்பையை எடுத்தாள். ஜக்கெற்றின் சிப்பைக்கூட இழுக்காமல் வெளியே போனாள். காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். பிரவீனன் கேட்டுக்கொண்டிருந்த கிரிக்கெற் வர்ணனையை நிறுத்தினாள்.

“மாமியைக் கூப்பிட்டது நீர்.”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். “ஓம்.”

“பேபி அன்ரியையும்.”

“ஓம்.”

“நான் ஒரு கிழமையா உம்மடை அம்மாவைப் பேசிக்கொண்டு திரியிறன். ஏன் அப்பிடிச் செய்தனீர்? என்னோடை தனிய இருக்க உமக்கு அவ்வளவு கஷ்டமோ?”

“பயணத்தைக் கான்சல் பண்ணட்டே?”

“நான் அதைக் கேக்கேல்லை!” அவள் கத்தியதில் முன்னால் நின்ற காரில் பனி தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். தெரிந்தவராகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

பிரவீனன் ஹீற்றரைக் குறைத்தான். பிறகு, “போனால் நீர் கேப்பீர்,” என்றான்.

“என்னத்தை?”

“அண்டைக்கு நான் ஏன் உள்ளுக்கு வரேல்லை எண்டு.”

ஒரு வருடமாக அவள் தொண்டைக்குள் கிடந்த கேள்வியை அவனே எடுத்து வெளியே வைத்துவிட்டான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது என்பதுதான் அவளை இன்னும் எரியவைத்தது.

“கேக்கிறன். ஏன் வரேல்லை?”

“நேர்ஸ் ரெண்டுதரம் வந்து கூப்பிட்டவ. நான் போனைக் காதிலை வச்சுக்கொண்டு, சொந்தக்காரரோடை கதைக்கிறன், ஒரு நிமிசம் எண்டு கையைக் காட்டினனான்.” அவன் குரல் இறங்கிவிட்டது. “போனிலை ஒருத்தரும் இல்லை ஏஞ்சலா. சும்மா வச்சிருந்தனான். பார்த்தால் பிறகு மறக்கேலாது எண்டு பயம். இப்ப பார்க்காமல் விட்டதை மறக்கேலாமல் கிடக்கு.”

ஏஞ்சலாவுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு தரம் அடித்தும் விட்டாள், தோளில், தடித்த ஜக்கெற்றின் மேல். அவனுக்கு அது நொந்திருக்காது. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. இதற்காக உலகத்தின் நுனிக்கு டிக்கெட் தேட வைத்தானே என்ற கோபமும், ஒரு வருடம் இதை வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினானே என்ற இரக்கமும் அவளுக்குள் ஒன்றாக ஏறி வந்தன.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். மாமி, தலையில் சால்வையோடு, நொண்டி நொண்டி வந்து நின்றிருந்தார். பிரவீனன் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு பூட்டைத் திறக்கக் கையை நீட்டினான். ஏஞ்சலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

“மூக்கு உம்மடை மூக்கு,” என்றாள். “நெத்தி மாமியின்ரை. தலைமயிர் கொஞ்சம் இருந்தது. விரல் எல்லாம் நீட்டு நீட்டா, அது ஆருடையதெண்டு எனக்குத் தெரியேல்லை.”

பிரவீனன் அவள் பக்கம் திரும்பினான்.

மாமி திரும்பவும் தட்டினார். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, ஏஞ்சலா பிள்ளையின் காதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.